இடமில்லை என்று இனிச் சொல்லலாமா?



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் நம்முடைய விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்கும். வலையைப் பழுது பார்ப்பதும், என்ஜினைக் கழற்றிப் பூட்டுவதும், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவதுமாக அந்த நாட்கள் கழியும். வருஷத்திலே கையில் காசு மிகவும் குறைந்திருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வருகிறது. கல்லூரி விண்ணப்பம் வருகிறது. பின்னோடு கட்டணச் சீட்டும் வருகிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆயினும் கடற்கரைத் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த வாரங்களில்தான் நின்று போகிறது.

ஏன் நின்றது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும்: “இடம் கிடைக்கவில்லை.” மார்க்கு போதாதவனும் அதையே சொல்கிறான், பணம் புரளாதவரும் அதையே சொல்கிறார், மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்ப மனமில்லாத தகப்பனாரும் அதையே சொல்கிறார். சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் சங்கடமில்லாத சொல் அது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

கடல் நமக்குக் கற்றுக் கொடுத்த ஒரு நியாயம் உண்டு. எடுக்க எடுக்கக் குறைகிற பொருளைக் கட்டுப்படுத்தித்தான் ஆக வேண்டும். மீன் குஞ்சு பொரிக்கிற காலத்தில் வலை போடாதே என்று சர்க்கார் தடுக்கிறது. நமக்குக் கஷ்டந்தான், ஆனாலும் அதன் காரணம் நமக்கு விளங்குகிறது. முத்துக் குளிப்பும் அவ்விதமே. பாரைச் சோதித்துப் பார்த்து, சிப்பி முற்றவில்லையென்றால் இந்த வருஷம் குளிப்பு இல்லை என்று அறிவித்து விடுவார்கள். தூத்துக்குடியில் 1961ல் நடந்ததே கடைசிக் குளிப்பு. சிப்பி போதுமான அளவு விளையாததால் அதன் பிறகு நடக்கவில்லை. சங்கடமான செய்திதான், அநியாயம் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

கல்லூரியின் இடமும் இதுவரை இப்படிப்பட்ட பொருளாகத்தான் இருந்தது. வகுப்பறையில் இத்தனை பெஞ்சு, விடுதியில் இத்தனை கட்டில், சோதனைச் சாலையில் இத்தனை மேஜை. அறுபது பேருக்கு இடமிருந்தால் அறுபத்தோராவது பிள்ளையைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது நியாயம் என்று வாதாடலாம். தேர்ந்தெடுக்கவே கூடாது என்று வாதாட முடியாது.

ஆனால் பாடம் குறைகிற பொருளா? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் சிறுத்துப் போகிறதா? ஓர் ஆசிரியர் நடத்திய பாடத்தைப் படம்பிடித்து வைத்து விட்டால், அதை நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் முதலில் கேட்டவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. அப்படியிருக்க, லட்சத்தோராவது பிள்ளையை எந்த நியாயத்தைக் கொண்டு வெளியே நிறுத்துவது? நம் காலத்தில் புதிதாக எழுந்திருக்கும் தர்மக் கேள்வி இதுதான்.

இது வெறும் பேச்சல்ல. சென்னை ஐ.ஐ.டி.யை எடுத்துக் கொள்ளுங்கள். நாட்டிலுள்ள ஐ.ஐ.டி.கள் அனைத்திலும் சேர்த்து 2024ல் இருந்த பி.டெக். போன்ற முதல் பட்ட இடங்கள் 17,740. அதற்கான முதற்கட்டப் பரீட்சைக்கு அமர்ந்தவர்கள் பதினான்கு லட்சம் பேருக்கு மேல். பயிற்சி நிலையத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஐ.ஐ.டி. 2020 ஜூனில் டேட்டா சயின்ஸ் என்கிற தரவு அறிவியலில் ஆன்லைன் பட்டப் படிப்பு ஒன்றை அறிவித்தது. அதில் சேர அந்தப் பெரிய பரீட்சை தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்தவரானாலும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. முதலில் நாலு வாரப் பாடத்தைக் கொடுக்கிறார்கள். வாரந்தோறும் அப்பியாசம் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் அந்தப் பாடத்திலேயே ஒரு தகுதிப் பரீட்சை. தேறியவர் அத்தனை பேருக்கும் இடம் உண்டு. முதல் அறுபது பேர், முதல் ஆயிரம் பேர் என்ற கணக்கே கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் கதவைத்தான் அகலமாக்கினார்களே தவிர, வெளியே போகும் கதவைத் தளர்த்தவில்லை. பாடம் வீட்டிலே, பரீட்சை நேரில், குறித்த மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில். முதல் கட்டத்தில் தேறாதவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்கு டிப்ளமாவோ வேறு சான்றோ உண்டு. கட்டணம் சொற்பமல்ல; ஆனால் குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பார்த்து முக்கால் பங்கு வரை சலுகை கொடுக்கிறார்கள். பட்டம் வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2003ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டெல். பாடங்களும், 2017ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வயம் தளமும் இருக்கின்றன. அவற்றிலே பாடம் கேட்கக் காசு இல்லை.

பாடத்தை ஆசிரியரிடமிருந்து பிரித்து வெகுதூரம் அனுப்பும் யோசனை பழையதுதான். லண்டன் பல்கலைக்கழகம் 1858ல், நம் கல்லூரியில் வந்து படித்தால்தான் பட்டம் என்ற நிபந்தனையை எடுத்து விட்டது; எங்கிருந்து படித்தவரும் பரீட்சை எழுதலாம் என்றது. நமக்கு எதிர்க்கரையில் கொழும்பில் 1921ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942ல் இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வரும்வரை, அந்த லண்டன் பரீட்சையைத்தான் எழுதினார்கள். கடல் கடந்து போகாமலே கிடைத்த பட்டத்தை அங்கே யாரும் மட்டமாக நினைக்கவில்லை. காரணம், லண்டனில் இருந்தவனுக்கு எந்த அளவுகோலோ கொழும்பில் இருந்தவனுக்கும் அதே அளவுகோல்.

நம் பக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல் வந்தது. பகலில் வேலை செய்து இரவில் படித்த குமாஸ்தாக்களும் ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளும் அநேகர் அவ்வழியே பட்டம் பெற்றார்கள். ஆனால் நாம் அவர்களை என்ன கேட்டோம்? பெண் பார்க்கப் போன இடத்தில், “காலேஜுக்குப் போய்ப் படித்ததா, தபாலில் படித்ததா?” என்று கேட்டோம். இதை எழுதுகிறவனும் அப்படிக் கேட்டவன்தான். நாள் முழுதும் நின்று வேலை பார்த்து விட்டு இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்த ஒருவரின் பட்டம், எந்த விதத்தில் குறைந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது: அனுமதி பெற்ற நிறுவனத்திலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் வருஷத்து விதி சொல்கிறது, 2022 செப்டம்பரில் அதை மறுபடியும் அறிவித்தார்கள். சட்டம் சொன்னதை மனசு ஏற்கக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் ஓர் ஆட்சேபம் சொல்வீர்கள். அது பலமான ஆட்சேபம். “பணக்காரப் பிள்ளைக்கு மரநிழலும் நூல்நிலையமும் விளையாட்டு மைதானமும், ஏழைப் பிள்ளைக்கு ஒரு செல்போனா? இதுவா சமநீதி?”

இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. கல்லூரி என்பது பாடம் மட்டுமல்ல. 1948ல் தூத்துக்குடியில் புனித மரியன்னை கல்லூரி தொடங்கியபோது, நம் பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆங்கிலமும் சரித்திரமும் மாத்திரமா? வீட்டை விட்டுத் தினம் வெளியே போவது, வேறு தெருவிலிருந்து வேறு சாதியிலிருந்து வந்தவளோடு ஒரே பெஞ்சில் உட்காருவது, நாலு பேர் முன் எழுந்து பேசுவது, இவையும் சேர்ந்துதான் கிடைத்தன. திரையில் தெரியும் ஆசிரியருக்கு, மூன்றாவது வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தெரியாது. ஆகையால், “ஆன்லைன் இருக்கிறதே, இனிக் கல்லூரி எதற்கு, விடுதி எதற்கு, உதவித்தொகை எதற்கு?” என்று எந்தச் சர்க்காராவது சொல்லுமானால் அது அநியாயம், நாம் எதிர்த்துப் பேச வேண்டும். உயர்கல்வியில் நம் தமிழ்நாடு முன்னணியில்தான் இருக்கிறது. 2021-22ஆம் வருஷக் கணக்கில், 18 வயதிலிருந்து 23 வயது வரையிலானவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. பெருமைதான். ஆனால் மீதிப் பேர்? அவர்கள் முன்னால் இருப்பது கல்லூரியா செல்போனா என்ற தேர்வு அல்ல. செல்போனா, ஒன்றுமில்லையா என்பதே. பசித்தவனிடம் விருந்துதான் உயர்ந்தது என்று சொல்லி இருக்கிற கஞ்சியையும் தள்ளி வைக்கச் சொல்வது தர்மமாகாது. விருந்தைக் கேட்டுக் கொண்டே கஞ்சியையும் குடிக்கலாம்.

ஆனால் அந்தக் கஞ்சியாவது வாய்க்குப் போய்ச் சேருகிறதா?

அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012ல் சேர்ந்து உலகத்துக்கெல்லாம் ஆன்லைன் பாடத்தைத் திறந்து விட்டன. ஏழை நாட்டுப் பிள்ளைகள் இனி உலகத்தின் சிறந்த ஆசிரியரிடம் படிப்பார்கள் என்று ஒரே ஆரவாரம். ஆறு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2017-18ல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். வந்தவர்களிலும் பெரும்பங்கு வசதியுள்ள நாட்டினர். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. நுழைந்து கடைசிவரை நடந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே வேறு கதவு உள்ளவர்கள்.

காரணத்தைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். 2020ல் கொரோனாவுக்காகப் பள்ளி மூடியபோது நம் வீடுகளில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு போன், மூன்று பிள்ளைகள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடுத்த தேசிய மாதிரிக் கணக்கில், இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு 4.4 வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. இன்டர்நெட் வசதி 14.9 வீட்டில். இன்று போன் அநேகமாக எல்லா வீட்டிலும் வந்து விட்டது. ஆனால் அது யார் கையில் இருக்கிறது?

ஒரு வீட்டை மனசில் நினைத்துப் பாருங்கள். தகப்பனார் விடியுமுன் கடலுக்குப் போகிறார். தாயார் இருட்டோடு எழுந்து உப்பளத்துக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். அவள் தண்ணீர் பிடிக்கிறாள், சோறு வடிக்கிறாள், தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மத்தியானம் தாயார் களைத்து வந்து படுத்தால் வீட்டில் சத்தம் போடக் கூடாது. சாயங்காலம் போன் தம்பி கையில். ராத்திரி அப்பா கையில். அவளுக்கு மிச்சம் எப்போது? எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரே அறையில், விளக்கைப் போட்டால் நாலு பேர் முழித்துக் கொள்வார்கள் என்பதால் போர்வைக்குள்ளே. ஐ.ஐ.டி. அவளுக்கு இடமில்லை என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகம் சொல்லவில்லை. சொன்னது யார்?

இதைத்தான் நான் உங்களிடம் கொண்டு வர விரும்பினேன். இதுவரைக்கும் குறைவாக இருந்தது பெஞ்சு. இப்போது குறைவாக இருப்பது நேரமும், ஒரு மூலையும், அமைதியும். பெஞ்சைப் பங்கிட்டவர்கள் வெளியே எங்கோ இருந்தார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடிந்தது. நேரத்தைப் பங்கிடுகிறவர்கள் நாமே. அதில் பாரபட்சம் இருந்தால் அது நம் பாரபட்சம்.

பெண் பிள்ளை கையில் போனைக் கொடுக்கப் பயமாயிருக்கிறது என்பீர்கள். அந்தப் பயத்தை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். காரணமில்லாத பயமல்ல அது. ஆனால் பையன் கையில் கொடுக்கும்போது அந்தப் பயம் எங்கே போகிறது? கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை மாணவிகள் போனை ஒப்படைத்து விட வேண்டும் என்று விதி போட்டார்கள். பகலெல்லாம் வகுப்பு, படிக்கிற நேரமோ அந்த நாலு மணிதான். ஒரு மாணவி மறுத்தாள். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இன்டர்நெட்டைப் பயன்படுத்துவது கல்வி உரிமையில் அடங்கும் என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றம் போகத் துணிவிருந்தது. வீட்டுக்குள் நடக்கிற விஷயத்துக்கு நம் பெண்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

நம் கரையின் சரித்திரத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. புனித சவேரியார் 1542ல் இங்கே வந்தபோது தமிழ் தெரியாதவர். நம்மவரில் இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்து சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒரு மனிதர் எத்தனை ஊரில் இருக்க முடியும்? ஆகவே பாடத்தை ஏட்டில் எழுதிக் கொடுத்து விட்டு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துப் போனார். குறித்த வேளையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்ல வைப்பது அவர் வேலை. பின்னால் வந்த ஹென்ரிக்கஸ் சுவாமியார் 1578ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். ஒரே பாடம் நூற்றுக்கணக்கான கைக்குப் போக வழி பிறந்தது. அப்போதும் கணக்கப்பிள்ளையின் வேலை ஓயவில்லை. பாடம் தூரத்திலிருந்து வரலாம்; பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. பாடம் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. சென்னையிலிருந்து வருகிற பாடம் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வாரத்திலேயே தடுமாறுவது அதனால்தான். மூளைக் குறைவு என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

நம் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் வாலிபர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். பங்கு மண்டபம் சாயங்காலங்களில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே மின்விசிறியும் விளக்கும் இருக்கின்றன. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நாலு மேஜை போட்டு, ஒரு இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, வயதான ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும். அவருக்குப் பைத்தான் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. யார் வந்தார்கள், யார் இரண்டு நாளாக வரவில்லை என்று தெரிந்தால் போதும். திரையில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாதது அதுதானே? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நம் ஜில்லாவில் கரண்டும் போனும் இல்லாமல் கிடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் தளத்தில் கிடக்கும் பாடத்தால் என்ன பிரயோஜனம்? அச்சிட்ட புத்தகம் நாலு மண்டபத்தில் இருந்தால் பிரயோஜனம்.

ஓர் எச்சரிக்கை. ஆன்லைன் பட்டம் வாங்கித் தருகிறேன், பரீட்சைக்குக் கூட வர வேண்டாம் என்று தரகர்கள் வருவார்கள். பணத்தைக் கொடுத்து விடாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பை இப்படி நடத்த அனுமதி உண்டு என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியல் வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவம், நர்சிங், சட்டம் முதலியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே கிடையாது.

வருகிற தடைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்து நின்றால், நாளுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு, அந்த நேரத்துக்கு வீட்டில் யார் எந்த வேலையைச் செய்வது என்று எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். மூத்தவள் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் பையனும் ஒரு குடம் எடுக்கலாம். பரீட்சை நேரில்தான் நடக்கும். வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். முதல் நாள் இரவு அவளை மீன் தரம் பிரிக்கக் கூப்பிடாதீர்கள்.